வைகை மணலில் ரோமச் செப்புக் காசுகள்: அடையாளம் காணும் முறையும் அதனால் எழும் வரலாற்றுக் கேள்வியும்

மதுரை நகரில் வைகையாற்று மணலிலிருந்து சேகரிக்கப்பட்ட ரோம நாணயங்களுள் எண்ணிக்கையில் மிகுதியானவை மிகச் சிறிய செப்புக் காசுகள். குறுக்களவு 11 முதல் 17 மில்லிமீட்டர் வரை இருக்கும். எடை ஒன்று, ஒன்றரை கிராம். அளவில் சட்டைப் பொத்தானை ஒத்தவை. ஒருபுறம் தேய்ந்த தலை, மறுபுறம் நிற்கும் உருவமோ சிலுவையோ மாலைக்குள் சில எழுத்துகளோ தெரியும். பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் அடிக்கப்பட்டவை இவை. பழனி, புதுக்கோட்டை, கோவை வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்த பொன், வெள்ளி நாணயங்களோ கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே சுமார் மூன்று நூற்றாண்டு இடைவெளி உண்டு. பொதுப் பேச்சிலும் செய்திகளிலும் இரண்டும் "சங்க கால ரோம நாணயம்" என்ற ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன. ஒரு காசை முறையாக அடையாளம் காண்பதன் முதல் பயன் இந்தக் குழப்பம் நீங்குவதுதான்.

ஆய்வின் வரலாறு

மதுரைக் காசுகள் ஆய்வாளர் கண்ணில் பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். திருமங்கலத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஜே. ஈ. டிரேசி பாண்டியர் காசுகளைத் திரட்டி எழுதினார். படை அதிகாரி ஆர். எச். சி. டஃப்னெல் 1889-இல் தென்னிந்திய நாணயச் சேகரிப்பாளருக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். மதுரை ஆற்று மணலில் கிடைக்கும் சிறு செப்புக் காசுகள் ஐரோப்பாவில் கிடைப்பவற்றிலிருந்து தோற்றத்தில் வேறுபடுவதைக் கண்ட அவர், அவை உள்ளூரிலேயே அடிக்கப்பட்டிருக்கலாம் என்று கருதினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அங்கிருந்த ரோம நாணயங்களுக்குப் பட்டியல் தந்தார், பின்னாளில் டி. ஜி. அரவமுதன் அதே தொகுப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

1904-இல் ராபர்ட் சீவெல் இந்தியாவில் கிடைத்த ரோம நாணயங்கள் அனைத்தையும் ஒரே கட்டுரையில் தொகுத்தார். பொன்னும் வெள்ளியும் வணிகத்தில் கைமாறி வந்திருக்கலாம். மதிப்பில் மிகக் குறைந்த செப்புக் காசுகளை யாரும் கடல் கடந்து கொண்டுவர மாட்டார்கள். ஆகவே அவற்றை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்திய ரோமக் குடிமக்கள் மதுரையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு வெளியான தம் இந்திய வரலாற்று நூலில் வின்சென்ட் ஸ்மித்தும் மதுரையில் ரோமக் குடியிருப்பு ஒன்று இருந்திருக்கலாம் என்ற கருத்தை ஏற்றார். பாடநூல்கள் வழியே அது நெடுங்காலம் வாழ்ந்தது.

இந்தக் கருத்தை மறுபரிசீலனை செய்யத் தேவையான சான்றைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளை ஒவ்வொன்றாகப் படித்து, படங்களுடன் 1994-இல் நூலாக வெளியிட்டார். சங்க காலப் பாண்டியரின் "பெருவழுதி" பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டவரும் அவரே. பலரும் துருப்பிடித்த செம்பு என்று கழித்துவிட்டவற்றைப் பொறுமையுடன் வாசித்த அந்த உழைப்பு தமிழ் நாணயவியலுக்குப் பெரும் கொடை. இதற்கிடையே 1986-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வைகை கடலில் கலக்கும் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் அகழாய்வைத் தொடங்கியது. இரண்டாம் வாலண்டினியன், ஆர்க்கேடியஸ் ஆகிய பிற்கால ரோமப் பேரரசர்கள் காலத்துக் காசுகள் அங்கே கிடைத்தன. ஆற்று மணலில் இடம் பெயர்ந்து கிடந்த காசுகளுக்கு, அதே ஆற்றின் முகத்துவாரத் துறைமுகத்திலிருந்து மண்ணடுக்குச் சான்று சேர்ந்தது.

ரோமக் காசு அல்லாதவை

வைகை மணல் ஒரே காலத்துக்கு உரியதன்று. வெள்ளம் கரையை அறுத்து மேலும் கீழும் புரட்டியதால் இரண்டாயிரம் ஆண்டுக் காசுகள் அதில் கலந்து கிடக்கின்றன. எனவே முதல் வேலை, ரோமக் காசு அல்லாதவற்றை விலக்குவது.

சங்க காலப் பாண்டியர் செப்புக் காசுகள் பெரும்பாலும் சதுரம் அல்லது நீள்சதுரம். ஒருபுறம் யானையோ குதிரையோ, மறுபுறம் கோட்டுருவ மீனும் இருக்கும். வட்டக் காசில் மனிதத் தலை இருப்பதே ரோமக் காசின் அடையாளம் என்று கொள்வதும் ஆபத்து. கரூரில் கிடைத்த "மாக்கோதை" பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசில் உள்ள தலை ரோம நாணயத்தைப் பார்த்து வடிக்கப்பட்டது போலவே இருக்கும். தலையின் மேலுள்ள தமிழ் பிராமி எழுத்தே அதைச் சேரர் காசு என்று காட்டிக்கொடுக்கிறது. இடைக்காலப் பாண்டியரின் இணைமீன் காசுகள், ஒருபுறம் நிற்கும் மனிதனும் மறுபுறம் அமர்ந்த மனிதனும் உள்ள சோழர் காசுகள், மதுரை நாயக்கர், சேதுபதி காசுகள் ஆகியவை கனமும் தடிப்பும் கொண்டவை; அவற்றின் உருவங்கள் கோடுகளால் ஆனவை. ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிய மூன்று எழுத்துச் சின்னம் கொண்டவை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசுகள். இராமர் பட்டாபிஷேகக் காட்சி பொறித்த "இராமர் காசு" நாணயமே அன்று. வழிபாட்டுக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லை அது. இலங்கையிலிருந்து வந்த நீள்சதுர இலட்சுமித் தகடுகளும் தமிழகக் கரையில் கிடைப்பதுண்டு.

ரோமச் சிறு செப்புக் காசுக்கு வேறு சில பொது அடையாளங்கள் உள்ளன. தகடு மெல்லியது, வட்டம் ஒழுங்கற்றது. அச்சைவிடத் தகடு சிறியதாக இருப்பதால் விளிம்பெழுத்தின் ஒரு பகுதி காசுக்கு வெளியே போயிருக்கும். தலை பக்கவாட்டில், பெரும்பாலும் வலப்பக்கம் நோக்கியிருக்கும். இவை அனைத்தும் ஒருங்கே அமைந்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம்.

முன்புறம் தருவது

4ஆம் நூற்றாண்டுப் பேரரசர்களின் முகங்கள் காசில் தனித்தன்மை இழந்துவிட்டன. அகஸ்டஸையும் நீரோவையும் முகத்தைப் பார்த்தே பிரித்தறியலாம். தியோடோசியஸையும் ஆர்க்கேடியஸையும் அவ்வாறு பிரிக்க முடியாது. இளமை ததும்பும், தாடியற்ற, பெரிய கண்ணுள்ள ஒரே முகம் எல்லாருக்கும் பொது. ஆனாலும் தலையணி காலத்தைச் சொல்லும். இலைமாலை சூடிய தலை முற்கால வழக்கம். 4ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கான்ஸ்டன்டைன் முத்தும் மணியும் பதித்த பட்டத்தை அணியத் தொடங்கியபின் அதுவே நிலைத்தது. தலைக்குப் பின்னால் தொங்கும் இரு நாடா முனைகளும் நெற்றிக்கு மேல் ஓடும் புள்ளி வரிசையும் தெரிந்தால், பெயர் படிக்க முடியாவிட்டாலும் காசு ஏறத்தாழ கி.பி. 325-க்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம்.

எழுத்து எஞ்சியிருந்தால் வேலை எளிது. பிற்காலக் காசுகளின் வாசகம் ஒரே வாய்பாட்டில் அமைந்தது. தொடக்கத்தில் "டி, என்" என்ற இரு எழுத்துகள் வரும். "டொமினுஸ் நோஸ்டர்", அதாவது நம் தலைவர் என்பதன் சுருக்கம் அது. இறுதியில் "பி, எஃப், அவுக்" என்று வரும். பக்தியும் பேறும் உடைய அகஸ்டஸ், அதாவது பேரரசர், என்பது பொருள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பேரரசர் பெயர். வாசகம் இடப்புறம் கீழிருந்து தொடங்கித் தலையைச் சுற்றி வலப்புறம் இறங்கும். முழுப் பெயரும் கிடைப்பது அரிது. ஆனால் அவுக் என்பதற்குச் சற்று முன்னுள்ள இரண்டு மூன்று எழுத்துகளே போதும். "டியஸ்" என்று முடிந்தால் ஆர்க்கேடியஸ், "ரியஸ்" என்றால் ஹொனோரியஸ், "சியஸ்" என்றால் தியோடோசியஸ் என்று குறுக்கலாம். ரோமர் "யு" ஒலிக்கும் "வி" வடிவத்தையே எழுதினார்கள் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் குறையும். தியோடோசியஸ் என்ற பெயரில் இருவர் உண்டு: முதலாமவர் 379 முதல் 395 வரையும், அவர் பேரன் 450 வரையும் ஆண்டனர். காசில் எண் இராது. இருவரையும் பிரிக்கப் பின்புறத்துக்குத்தான் போக வேண்டும்.

பின்புறமே திறவுகோல்

மதுரையில் கிடைக்கும் தேய்ந்த காசுக்குப் பின்புறம்தான் பெரிதும் கைகொடுக்கிறது. காரணம் இதுதான்: பேரரசு முழுவதிலும் உள்ள நாணயச்சாலைகள் ஒரே நேரத்தில் ஒரே பின்புற உருவத்தை அடித்தன, சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்கு மாறின. ஆகவே உருவத்தின் நிழல் மட்டும் தெரிந்தாலும் காலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். ஒரு பேரரசர் இருபது முப்பது ஆண்டு ஆண்டிருக்க, பெயரைக் காட்டிலும் பின்புறம் துல்லியமாகக் காலம் காட்டுகிறது.

இரு படைவீரர் எதிரெதிரே நிற்க, இடையே இரண்டு கொடிக்கம்பம் இருந்தால் அது 330 முதல் 335 வரையிலான காசு. ஒரே கொடிக்கம்பம் இருந்தால் 335-க்குப் பிற்பட்டது, ஏறத்தாழ 341 வரை. "படையின் பெருமை" என்பது அதன் வாசகம். ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் காசு 330-ஐ ஒட்டித் தொடங்கியது. அதன் முன்புறத்தில் பேரரசர் இரார், தலைக்கவசம் அணிந்த ரோம நகரத் தேவியே இருப்பார். குதிரையிலிருந்து சாயும் எதிரியை வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி 348-க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக, இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் ஆட்சியில் மிகப் பெரும் அளவில் அடிக்கப்பட்டது. குதிரை முழுதும் தேய்ந்துபோய், குத்துபவனின் வளைந்த முதுகும் சாய்ந்த ஈட்டியும் மட்டும் எஞ்சிய காசிலும் இந்த அமைப்பை இனங்காணலாம்.

364-க்கும் 378-க்கும் இடைப்பட்ட வாலன்ஸ் காலத்தில் இரு உருவங்கள் ஓங்கின. ஒன்று, பேரரசர் ஒரு கைதியின் தலைமயிரைப் பற்றி இழுத்து நடப்பது. மற்றொன்று, இறகுள்ள வெற்றித்தேவி இடப்புறம் மாலையேந்தி நடப்பது. அடுத்து மாலைக்குள் எழுத்து மட்டும் உள்ள காசுகள் வருகின்றன. பத்தாண்டு ஆட்சி நிறைவுக்கும் இருபதாண்டு நிறைவுக்குமான நேர்த்திக்கடனைக் குறிக்கும் அவ்வெழுத்துகளில், குறுக்கிட்ட கோடாகிய பத்தின் குறி எளிதில் தெரியும். இவை 378 முதல் 388-ஐ ஒட்டிய காலத்தவை.

தென்னிந்தியத் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் உருவம் ஒன்றுண்டு. வெற்றித்தேவி தோளில் வெற்றிச்சின்னக் கம்பத்தைச் சுமந்து, மறு கையால் கைதியை இழுத்துச் செல்வாள். இடப்பக்க வெளியில் கிறிஸ்துவின் பெயர்ச்சுருக்கமோ சிறு சிலுவையோ இருக்கும். "அரசின் நலம்" என்பது வாசகம். 383-க்குப் பின் தொடங்கி 5ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் வரை முதலாம் தியோடோசியஸ், இரண்டாம் வாலண்டினியன், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் பெயரில் இது அடிக்கப்பட்டது. அதனை அடுத்து, வெற்றித்தேவி பேரரசருக்கு முடிசூட்டும் உருவம் 395 முதல் 401 வரை. பின்னர் ஒரே காசில் மூன்று பேரரசர்கள் வரிசையாக நிற்பர்: ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ், இடையில் சிறுவனான இரண்டாம் தியோடோசியஸ். ஆர்க்கேடியஸ் 408-இல் இறந்தபின் உருவங்கள் இரண்டாகக் குறைந்தன. இரண்டு பேரா மூன்று பேரா என்று எண்ணினாலே 408-க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். மாலைக்குள் தனிச் சிலுவை மட்டும் இருந்தால் அது இரண்டாம் தியோடோசியஸின் 425-ஐ ஒட்டிய காசாக இருப்பதே பெரும்பான்மை. அதன்பின் மார்சியன், லியோ காலங்களில் காசு இன்னும் சுருங்கியது; பெயரெழுத்துகள் பின்னிய சின்னமும், லியோவின் பெயருக்கேற்ற சிங்கமும் பின்புறத்தை நிரப்பின.

உருவங்களின் இவ்வரிசையைத் தனித்தனி எண்ணிட்டு வகுத்தவை இரண்டு அடிப்படை நூல்கள். "ரோமன் இம்பீரியல் காயினேஜ்" 1923-இல் தொடங்கிப் பத்துத் தொகுதிகளாக 1994-இல் நிறைவடைந்தது. கார்சன், ஹில், கென்ட் மூவரும் 1960-இல் வெளியிட்ட பிற்கால ரோம வெண்கல நாணயப் பட்டியல் சிறு காசுகளுக்கென்றே அமைந்தது. மதுரைக் காசுக்குப் பின்னதே கைக்கு உகந்தது. அது பின்புற உருவத்தையும் நாணயச்சாலையையும் முதன்மையாகக் கொண்டு வகுக்கிறது.

நாணயச்சாலைக் குறி

பின்புற உருவத்தின் காலடியில் ஒரு கோடு; அதன் கீழ் சில எழுத்துகள். காசு எங்கே அடிக்கப்பட்டது என்பதை அவை சொல்கின்றன. "சி, ஓ, என், எஸ்" என்றால் கான்ஸ்டான்டிநோபிள். "ஏ, என், டி" அந்தியோக்கியா. "ஏ, எல், ஈ" எகிப்தின் அலெக்சாந்திரியா. "எஸ், எம்" என்பது பேரரசின் புனித நாணயம் என்பதன் சுருக்கம். அதை அடுத்து "கே" வந்தால் சிசிக்கஸ், "என்" வந்தால் நிகோமீடியா, "எச்" வந்தால் ஹெராக்ளியா. இறுதியில் ஆல்பா, பீட்டா, காமா போன்ற ஒற்றைக் கிரேக்க எழுத்து இருந்தால் அது அச்சாலைக்குள் இருந்த பட்டறையின் எண்.

தகடு சிறிதாக இருப்பதால் இந்த எழுத்துகள்தான் முதலில் காசுக்கு வெளியே போகின்றன. எஞ்சியவை முதலில் தேய்கின்றன. ஆயினும் வணிகவழி ஆராய்ச்சிக்கு இவற்றைவிட மதிப்புள்ள செய்தி காசில் வேறில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் படிக்க முடிந்த குறிகளில் கீழைப் பேரரசின் நகரங்களே மேலோங்குகின்றன. செங்கடல் வழியாக வந்த வணிகத்தோடு இது பொருந்துகிறது.

பொன்னும் வெள்ளியும்

பழைய மதுரை மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த பழனிப் பகுதியில், கலையம்புத்தூரில் 1856-இல் ரோமப் பொற்காசுப் புதையல் ஒன்று வெளிப்பட்டது. 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலானவை. கோவை வட்டாரத்தின் வெள்ளலூரில் 1842-இல் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அடையாளம் காண்பதில் இவை செப்புக் காசைப் போலத் தொல்லை தருவதில்லை. தேய்மானம் குறைவு, எழுத்து தெளிவு.

வெள்ளிக் காசான தினாரியஸில் தமிழகத்தில் மிகுந்து காணப்படுவன இரண்டே வகை. முதல் வகையில் முன்புறம் இலைமாலை சூடிய அகஸ்டஸ்; பின்புறம் அவர் தத்தெடுத்த பேரர்களான காயஸும் லூசியஸும் கேடயத்தில் கை வைத்து நிற்பர், அவர்களுக்கு மேலே வேள்விக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். இரண்டாம் வகையில் முன்புறம் டைபீரியஸ். பின்புறம் நாற்காலியில் அமர்ந்து கோலும் கிளையும் ஏந்திய பெண். இரண்டுமே இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அன்று லக்டுனம் எனப்பட்ட இடத்தில் அடிக்கப்பட்டவை. கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். ஒரு ரோம பவுண்டு வெள்ளியில் 84 என்றிருந்த தினாரியஸ் 96 ஆனது. பொற்காசான அவுரேயஸ் பவுண்டுக்கு 45 ஆயிற்று. இதன்பின் தமிழகத்துக்கு வந்த வணிகர் பழைய, கனமான காசுகளையே தேர்ந்து கொண்டுவந்தனர் என்று டேவிட் மெக்டவல் போன்ற நாணயவியலாளர்கள் கருதினர். இந்தக் கருத்தில் ஒரு முக்கிய விளைவு அடங்கியிருக்கிறது: டைபீரியஸ் தலை உள்ள காசு டைபீரியஸ் ஆட்சியில்தான் இங்கு வந்தது என்று கொள்ளத் தேவையில்லை.

எடையும் தரமும் இப்பக்கத்து மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு கதையால் காட்டுகிறார். இலங்கை அரசர், வெவ்வேறு தலைகள் பொறித்த தினாரியஸ்கள் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு ரோமர் நேர்மையை மெச்சினாராம். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று வருந்தியவரும் அவரே; நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தது ஒரு தினாரியஸ்.

இங்குள்ள காசுகளில் ரோமில் இல்லாத சில குறிகளும் உண்டு. கருக்காக்குறிச்சிப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே மட்டமான உலோகம் இருக்கிறதா என்று சோதிக்கவோ, புழக்கத்திலிருந்து நீக்கவோ வெட்டியிருக்கலாம். சோதனைக்குக் காரணம் இல்லாமலில்லை: செப்பின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய தினாரியஸ்கள் உண்மையாகவே இந்தியத் தொகுப்புகளில் உள்ளன. சில காசுகளில் சிறு முத்திரைகள் குத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் கோத்து அணியத் துளையோ வளையமோ இருக்கும். இவையெல்லாம் காசின் சேதமாகப் பட்டியலில் பதியப்படுவது வழக்கம். இந்தியாவில் காசுக்கு நேர்ந்த வாழ்வின் பதிவு இவைதாம். உருவத்துக்கு இணையான கவனத்துடன் வரையப்பட வேண்டியவை.

போலியாக்கங்கள்

டஃப்னெல் கண்ட வேறுபாடு கற்பனையன்று. மதுரைக் காசுகளில் ஒரு பகுதி ரோமப் பேரரசில் அடிக்கப்பட்டவையல்ல; அவற்றைப் பார்த்து இப்பகுதியில் அடித்தவை. இலங்கையில் பிற்கால ரோமச் செப்புக் காசுகளும் அவற்றின் போலியாக்கங்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. எச். டபிள்யூ. காட்ரிங்டன் 1924-இல் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதிய நூலிலும், ரெய்ன்ஹோல்ட் வால்பர்க் 2008-இல் வெளியிட்ட விரிவான ஆய்விலும் இவை வகைப்படுத்தப்பட்டன.

போலியாக்கத்தை அறிய எழுத்தைப் பார்ப்பதே முதல் வழி. லத்தீன் தெரியாத கைகள் எழுத்துகளை வெறும் கோடும் புள்ளியுமாக வரிசைப்படுத்தும். சில இடங்களில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பியிருக்கும். தலை சிதைந்து மூக்கும் கண்ணும் கோடுகளாகும். எடை மேலும் குறையும். நாணயச்சாலைக் குறியின் இடத்தில் பொருளற்ற கோடுகள் நிற்கும். மிகத் தேய்ந்த காசில் இந்தச் சோதனை பயன்படாது. அங்கே அசலா போலியா என்று முடிவு கூறாமல் விடுவதே நேர்மை.

இக்காலத்தில் விற்பனைக்காகச் செய்யப்படும் மோசடிக் காசு வேறு. அது பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடும், பரப்பில் காற்றுக்குமிழ்த் துளைகளும், சோப்பில் வடித்தாற்போன்ற மழுங்கிய எழுத்துகளும் அதைக் காட்டிவிடும். ஒரே வெட்டும் ஒரே தேய்மானமும் கொண்ட இரண்டு காசுகள் கண்ணில் பட்டால் இரண்டையும் ஐயுறலாம்.

யவனர் குடியிருப்பா?

பழந்தமிழ் இலக்கியத்தில் யவனர் எனப்பட்ட மேலைநாட்டார் பாண்டிய நாட்டில் நடமாடுகிறார்கள். புறநானூற்றின் 56ஆம் பாடல் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொணர்ந்த மதுவைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாயிலில் யவனக் காவலரைக் காட்டுகிறது. பிளினியும் புவியியலாளர் தாலமியும் பாண்டியன் தலைநகராக மதுரையைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றனர். இச்சான்றுகளோடு வைகைச் செப்புக் காசுகளைச் சேர்த்தால் குடியிருப்புக் கோட்பாடு உறுதியானதுபோல் தோன்றும். காலம் பார்த்தால் அந்தச் சேர்க்கை நிற்பதில்லை. பிளினி இறந்தது கி.பி. 79-இல், ஆர்க்கேடியஸ் அகஸ்டஸ் பட்டம் பெற்றது 383-இல். பாண்டியனுக்கு மது கொணர்ந்த யவனரும் வைகையில் "அரசின் நலம்" காசைத் தவறவிட்டவரும் ஒரே காலத்தவர் ஆக முடியாது.

சீவெலின் வாதத்தில் இன்னொரு விரிசலும் உண்டு. இதே காசுகள் கரூரிலும் திருக்கோவிலூரிலும் இலங்கை முழுதும் கிடைக்கின்றன. இத்தனை இடங்களிலும் ரோமர் குடியேறியிருந்தனர் என்று கூற இயலாது. அவற்றைப் பார்த்து உள்ளூரில் போலியாக்கம் அடித்தது, இப்பகுதி மக்களே அவற்றைச் சில்லறையாகப் புழங்கினர் என்பதற்கு வலுவான சான்று. தேவை இல்லாத காசை யாரும் பார்த்து அடிக்க மாட்டார்கள். பெருமளவில் செப்பாகவே எடைபோட்டு இறக்கப்பட்டு, பின்னர் சில்லறையாயிற்று என்ற கருத்தும், இலங்கைத் துறைமுகங்கள் வழியாகப் பாண்டிய நாட்டுக்குள் பரவிற்று என்ற கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு. ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை.

இங்கேதான் சரியான அடையாளம் தமிழக வரலாற்றுக்குப் புதிய வாயிலைத் திறக்கிறது. 4, 5ஆம் நூற்றாண்டுகள் பாண்டிய நாட்டு வரலாற்றில் சான்று மிகக் குறைந்த காலம். பாண்டிய நாட்டைக் களப்பிரர் என்னும் மரபினர் கைப்பற்றியதைப் பின்னாளில் 8ஆம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேடு நினைவுகூர்கிறது. சிவகங்கை மாவட்டத்துப் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, பலரும் 5ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கொள்வது, அக்கால ஆட்சியமைப்பின் அரிய சான்று. இவற்றோடு மூன்றாவதாக நிற்கத் தக்கவை வைகைச் செப்புக் காசுகள். அரசர் பெயர்களை அவை தருவதில்லை. ஆனால் மதுரையில் அன்று சந்தை நடந்தது, சில்லறை தேவைப்பட்டது, கடல்வழித் தொடர்பு அறுபடவில்லை என்பதைக் கையில் தொட்டுணரத் தருகின்றன. இக்காலத்துக்கு இடப்பட்ட "இருண்ட காலம்" என்ற பழைய பெயரை மறுப்பவர்கள் இலக்கியத்திலும் சமயத்திலும் சான்று தேடுகிறார்கள். வைகை மணலிலிருந்து வந்த இந்தச் செம்பை இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. ஆர்க்கேடியஸ் காசைச் சங்க காலத்தது என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சான்று தன் உரிய நூற்றாண்டிலிருந்து களவு போகிறது.

கிடைத்த இடமும் பாதுகாப்பும்

காசு அடிக்கப்பட்ட ஆண்டை அதன் உருவம் சொல்லும். அது எப்போது தொலைந்தது என்பதை மண்ணடுக்கு மட்டுமே சொல்லும். செப்புக் காசு அடிக்கப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் கைமாறும். மதுரைக் காசுகளின் தேய்மானமே அதற்குச் சாட்சி. ஆகவே ஆற்று மணலை அரித்து எடுத்த காசைவிட, அகழாய்வுக் குழியில் எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓடுகளோடு கிடந்தது என்ற குறிப்புடன் வரும் ஒரே ஒரு தேய்ந்த காசு அதிகம் பேசும். அழகன்குளத்துக் காசுகளின் தனி மதிப்பு அதில்தான் இருக்கிறது.

காசைப் பதிவு செய்யும்போது உலோகம், கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரையிலான எடை, மில்லிமீட்டரில் குறுக்களவு, முன்பின் புறங்களின் அச்சுத் திசை, படிக்க முடிந்த எழுத்துகள், வெட்டு, துளை, முத்திரை, கிடைத்த இடம் ஆகிய அனைத்தும் வேண்டும். எழுத்து தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் படம் எடுப்பது போதும். வீட்டுப் பித்தளையைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பது காசை அழித்துவிடும். எழுத்தின் எஞ்சிய மேடு பல நேரங்களில் செம்பில் இல்லை, மேலே படிந்த களிம்பில்தான் இருக்கிறது. களிம்பு போனால் எழுத்தும் போகும். வெளிர்பச்சைத் தூள் உதிரத் தொடங்கினால் அது உப்பால் விளையும் அரிப்பு. ஈரம் படாமல் காத்து, அருங்காட்சியக வேதியியல் பிரிவிடம் கொடுப்பதே வழி.

1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுவோருக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ரோம நாணயத் தொகுப்பு நாட்டின் பெரிய தொகுப்புகளுள் ஒன்றாக உள்ளது. மதுரைக் காசுகளுக்கு இன்னும் செய்ய வேண்டிய பணி தெளிவானது: தனியார் கைகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளவற்றைப் பின்புற உருவம், நாணயச்சாலை, அசல் அல்லது போலியாக்கம், கிடைத்த இடம் என்ற நான்கு தலைப்பில் ஒரே பட்டியலாக்கி, அதே முறையில் வகுக்கப்பட்ட இலங்கைத் தொகுப்புகளோடு வைத்துப் பார்ப்பது. எந்தப் போலியாக்கம் வைகைக் கரையில் அடிக்கப்பட்டது, எது இலங்கையிலிருந்து வந்தது என்பதை அந்த ஒப்பீடே பிரித்துக்காட்டும்.